டெக்கின் மேல் கசீபோ: முதலில் அடியில் போய்ப் பாருங்கள்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வீட்டின் பின்பக்கம் 12க்கு 16 அடி டெக், அதாவது பலகைத் தளம். 12 அடி ஆழம், 16 அடி வீட்டுச் சுவரோடு நீளம். தரையிலிருந்து மூன்றடி உயரம், கொம்பொசிற் பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது), கட்டி ஐந்து வருடம். கடையில் 12க்கு 14 இரும்புக் கூரை கசீபோ, அதாவது நாலு காலில் நிற்கும் பந்தல், மலிவு விற்பனையில் போகிறது. பெட்டியோடு வரும் ஸ்குரூவால் டெக்கில் பூட்டினால் போதுமா, நகரசபைப் பெர்மிற் வேண்டுமா என்கிறார். மாமனார், "ஊர் முழுக்கப் போட்டிருக்கிறார்கள், யார் பெர்மிற் எடுத்தது?" என்று சொல்கிறாராம். மனைவிக்குத் தனியாக ஒரு கேள்வி: கறிவேப்பிலைச் சாடிகளைக் கசீபோவுக்குக் கீழே வைக்கலாமா?

தம்பி, 12க்கு 14 வேண்டாம். 10க்கு 10 எடுங்கள். பெட்டியில் வரும் ஸ்குரூவைக் கொம்பொசிற் பலகையில் முடுக்கிவிட்டுப் பூட்டியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதோடு, கடைக்குப் போகமுன் ஒரு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பாருங்கள். எந்தக் கசீபோ என்பதைத் தீர்மானிப்பது கடையில் இருக்கும் கூரை அல்ல, அந்த அடிப்பகுதிதான்.

நானே இதில் பிழைவிட்டவன். ஸ்காபரோவில் என் சொந்த டெக்கில் 10க்கு 12 கசீபோ ஒன்றை, பெட்டியில் வந்த இரண்டரை அங்குல ஸ்குரூக்களால் மரப்பலகையில் முடுக்கி வைத்திருந்தேன். இரண்டு வருடம் அசையாமல் நின்றது. 2022 மே 21, விக்டோரியா தின நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. டெரேச்சோ என்கிற அந்தப் புயல் ஒன்ராறியோவின் தென்பகுதியை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழித்துக்கொண்டு போனது. பியர்சன் விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீற்றரைத் தொட்டது. எங்கள் வீட்டில் எல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான். யன்னலால் பார்க்கும்போது கசீபோவின் இரண்டு கால்கள் பலகையை விட்டு எழும்பி, கூரை பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்து கிடந்தது.

காற்று அடங்கியபின் போய்க் குனிந்து பார்த்தேன். ஸ்குரூக்கள் அடித்தட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வளையவில்லை, முறியவில்லை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் நேராக இருந்தன. பலகையில் மட்டும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மரச்சிம்பு பூ விரித்ததுபோல் மேல்நோக்கி எழும்பியிருந்தது. அதாவது காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளவில்லை, நேராக மேலே பிடுங்கியிருக்கிறது. கசீபோ விழுந்துவிடாமல் நிற்க வேண்டும் என்றுதான் நாம் யோசிக்கிறோம். அது பறக்கப் பார்க்கும் என்று யோசிப்பதில்லை.

கணக்கு லேசானது. கசீபோ என்பது நாலு கால் வைத்த பெரிய குடை. காற்று மணிக்கு 90 கிலோமீற்றரில் அடித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 38 கிலோ அழுத்தம். 12க்கு 14 கூரை 15.6 சதுர மீற்றர். பெருக்கினால் 600 கிலோவுக்குக் கிட்ட, 1,300 இறாத்தல். கூரை முழுவதையும் காற்று ஒரே அளவில் தூக்காதுதான், ஆனாலும் எந்த அளவில் பேசுகிறோம் என்பது விளங்கும். இந்த வகை உலோகக் கசீபோவின் சொந்த எடையோ பெரும்பாலும் 300 முதல் 500 இறாத்தல். 120 கிலோமீற்றருக்கு வேகம் கூடினால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடாது, ஏறத்தாழ இரட்டிப்பாகும். வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது அது. "பாரம்தானே, எங்கே போகப்போகிறது" என்று உங்கள் மாமனார் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்தது ஸ்னோ. இது எதிர்த் திசையில் வேலை செய்யும். ரொறன்ரோப் பக்கம் கூரை என்றால் சதுர அடிக்குக் குறைந்தது 20 இறாத்தல் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 12க்கு 14 என்றால் 168 சதுர அடி, 3,360 இறாத்தல். நாலு காலுக்குப் பிரித்து, கசீபோவின் எடையையும் சேர்த்தால் ஒரு காலுக்கு 900 இறாத்தலைத் தாண்டும்.

இப்போது அந்தக் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இங்கே வீட்டு டெக் சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்கும்படி கட்டப்படுகிறது. ஆட்கள், கதிரை, மேசை எல்லாம் பரவி நிற்பதை நினைத்துப் போட்ட எண் அது. உங்கள் ஜொயிஸ்ற்கள் (பலகையைத் தாங்கும் மரங்கள்) 16 அங்குல இடைவெளியில், வீட்டுச் சுவர்ப் பக்க லெட்ஜரிலிருந்து பீம்வரை (ஜொயிஸ்ற்களைத் தாங்கும் பெரிய மரம்) 10 அடி என்று வைத்தால், ஒரு ஜொயிஸ்ற்றின் பங்கு மொத்தம் 533 இறாத்தல், அதுவும் முழு நீளத்துக்கும் பரவலாக. அதே ஜொயிஸ்ற்றின் நடுவில் 900 இறாத்தலை ஒரே புள்ளியில் இறக்கினால், வளைக்கிற விசை அந்த 533 தருவதைவிட மூன்று மடங்குக்கு மேல். டெக் மறுநாளே உடைந்து விழும் என்று பயமுறுத்தவில்லை. முதல் குளிர்காலத்தில் ஜொயிஸ்ற் கொஞ்சம் தாழும், கசீபோவின் ஒரு மூலை இறங்கும், கூரைத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும், வசந்தத்தில் ஒழுகத் தொடங்கும். ஆட்கள் கூப்பிட்டு நான் போய்ப் பார்க்கிற வேலைகளில் பாதி இந்தக் கதைதான். "கசீபோ சரியில்லை" என்பார்கள். கசீபோவில் ஒரு குறையும் இருக்காது.

டெக்குக்கு அடியில் போனதும் பார்க்க வேண்டியது: ஜொயிஸ்ற் 2க்கு 8 அங்குலமா, 2க்கு 10 அங்குலமா, இடைவெளி எவ்வளவு, பீம் எங்கே ஓடுகிறது, அதைத் தாங்கும் தூண்கள் எதன்மேல் நிற்கின்றன. தூண்கள் மண்மேல் சும்மா வைத்த கொங்கிறீற் கட்டைகளில் நின்றால், கசீபோ யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் பக்கம் நிலம் 4 அடி, அதாவது 1.2 மீற்றர் ஆழம்வரை உறையக்கூடும் என்று கணக்கு. அத்திவாரம் அதற்குக் கீழே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குளிரிலும் மண் கட்டையைத் தூக்கி, வசந்தத்தில் இறக்கும், அதுவும் நாலு மூலையும் நாலு விதமாக. லெட்ஜரையும் பாருங்கள், வீட்டோடு டெக்கைப் பூட்டிய அந்த நீளப் பலகையை. எங்கள் வீடுகளில் வெளிச் செங்கல் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர் அல்ல, வெறும் போர்வைதான். லெட்ஜரின் போல்ற் செங்கலில் மட்டும் பிடித்திருந்தால் கசீபோ இல்லாமலேயே அது திருத்த வேண்டிய டெக்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் ஒரு சின்னச் சிக்கல் வரும். பெட்டியில் எழுதியிருக்கும் 10க்கு 10, 12க்கு 14 எல்லாம் அநேகமாகக் கூரை விளிம்பின் அளவு. கால்கள் அதற்கு உள்ளே, பக்கத்துக்கு அரை அடி, முக்கால் அடி தள்ளி நிற்கும். ஆகவே கால்கள் உங்கள் பீமுக்கு நேர் மேலே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கால்களின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு என்பது கைநூலில் இருக்கும். வாங்கமுன் அந்தக் கைநூலை இணையத்தில் இறக்கிப் பாருங்கள். அந்த அளவின்படி டெக்கில் சோக்கட்டியால் நாலு சதுரம் கீறி, ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய ட்ரில்லால் ஒரு துளை போட்டு, ஒரு கம்பியைக் கீழே விடுங்கள். பிறகு அடியில் போய் அந்தக் கம்பி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை இரண்டு ஜொயிஸ்ற்றுக்கு நடுவில், வெறும் பலகைக்குக் கீழே தொங்கும்.

அந்த இடத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். 16 அங்குல இடைவெளி என்றால் இரண்டு ஜொயிஸ்ற்றுக்கு நடுவில் உள்ள வெற்றிடம் 14½ அங்குலம். உக்காமலிருக்க மருந்தேற்றிய 6க்கு 6 அங்குல மரத்தை அந்த அளவுக்கு இறுக்கமாக வெட்டி, பலகையின் அடியோடு ஒட்டி நிற்கும்படி இரண்டு ஜொயிஸ்ற்றுக்கும் குறுக்காகக் கொடுத்து, இரு பக்கமும் ஹாங்கர் என்கிற உலோகத் தாங்கி அடித்துப் பிடிக்க வைப்பேன். கசீபோவின் அடித்தட்டிலிருந்து அரை அங்குலப் போல்ற் பலகையையும் அந்த 6க்கு 6ஐயும் ஊடுருவிக் கீழே வரும். அங்கே பெரிய சதுர வாஷர் போட்டு நட் முடுக்க வேண்டும். 6க்கு 6 என்பது உண்மையில் ஐந்தரை அங்குலம்தான், ஆகவே 8 அங்குலப் போல்ற் போதும். மேலே இழுக்கும் விசைக்கு இது பதில். கீழே அழுத்தும் பாரத்துக்கு, அந்த 6க்கு 6இன் கீழே ஒரு தூண், அதற்குக் கீழே 4 அடி ஆழத்தில் புதிய அத்திவாரம். இப்படிச் செய்தால் ஸ்னோவின் பாரம் ஜொயிஸ்ற்றில் ஏறாமல் நேரே மண்ணுக்குப் போகும். புதுத் தூணின் மேலும் கீழும் உலோக இணைப்பு வைத்து, மரத்தையும் கொங்கிறீற்றையும் பிடிக்க வைக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் காற்று கசீபோவைத் தூக்கும்போது தூண் மட்டும் கீழே நிற்கும்.

உங்கள் டெக் மூன்றடி உயரம் என்பதால் தவழ்ந்து போய் இதைச் செய்யலாம். ஆனால் குழி தோண்ட நாலு இடத்தில் பலகையைக் கழற்ற வேண்டி வரும். திருகுத் தூண் என்கிற ஹெலிக்கல் பைல் நல்ல பொருள், கொங்கிறீற் காயக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் அதைத் திருகும் இயந்திரத்துக்கு மேலே இடம் வேண்டும். கட்டி முடித்த டெக்கின் கீழ் அது கஷ்டம். எதுவானாலும் மண்ணில் கை வைக்கமுன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று குறித்துத் தருவார்கள். உங்களுக்குச் செலவில்லை, சட்டப்படியும் கட்டாயம்.

இன்னொன்று. மருந்தேற்றிய மரத்தில் இருக்கும் செம்பு சாதாரண ஆணி, போல்ற்றையெல்லாம் தின்னும். ஹொட் டிப் கல்வனைஸ்ட் அல்லது ஸ்ரெயின்லெஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். அலுமினியக் காலை அந்த மரத்தில் நேரே வைத்தாலும் அரிக்கும், இடையில் ஒரு றபர் தட்டு வையுங்கள்.

இனி அளவும் பெர்மிற்றும். ஒன்ராறியோவில் 10 சதுர மீற்றரைத் தாண்டிய கட்டுமானத்துக்குப் பெர்மிற் வேண்டும். 10க்கு 10 அடி 9.3 சதுர மீற்றர், உள்ளே. 10க்கு 12 அடி 11.1, வெளியே. கடைகளில் அதிகம் விற்பது 10க்கு 12 என்பதால் பலர் தெரியாமலே கோட்டைத் தாண்டுகிறார்கள். 2022இல் இது 15 சதுர மீற்றராகக் கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்கள். அது சாமான் வைக்கும் ஷெட்டுக்கு மட்டும், கசீபோவுக்கு அல்ல. அப்படிப் பார்த்தாலும் 12க்கு 14 அதையும் தாண்டுகிறது.

10க்கு 10 என்றால் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டெக் இரண்டடிக்கு மேல் உயரம், ஆகவே அதற்கே பெர்மிற் எடுத்திருக்க வேண்டும். அதற்கு எடுத்த பெர்மிற் திறந்த டெக்குக்கு எடுத்தது, கூரை வைத்த டெக்குக்கு அல்ல. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி பெர்மிற் தேவைப்படாத சின்னக் கட்டுமானத்துக்கும் உண்டு, அது நகரத்துக்கு நகரம் வேறுபடும். ஒரு கடதாசியில் வீடு, டெக், வேலி, கசீபோ நாலையும் அளவோடு கீறி நகரசபைக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பிக் கேளுங்கள். மாமனார் சொல்வது உண்மைதான், பலர் எடுப்பதில்லை. வீடு விற்கும்போதோ, கூரை பறந்து அடுத்த வீட்டுக் காரில் விழுந்து இன்சூரன்ஸ்காரர் வரும்போதோதான் அது கேள்வியாக வரும்.

12க்கு 14 வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் வெறும் இடம். உங்கள் டெக் 12 அடி ஆழம். 12 அடிக் கூரை என்றால் ஒரு விளிம்பு வீட்டுச் சுவரில் முட்டும், மறு விளிம்பு படியின் தலைக்கு மேல் வரும். வீட்டுக் கூரையிலிருந்து சறுக்கி விழும் ஸ்னோ முழுக்க கசீபோவின் தலையில் இறங்கும். அந்த இடத்துக்கு மேலே சொன்ன 20 இறாத்தல் கணக்கே செல்லாது. சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அடுப்படிக் கண்ணாடிக் கதவுக்கு நேர் முன்னால் வைத்தால், டிசம்பரில் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் உள்ளே வராது. கோடையில் நாலு மாதம் வெளியே இருப்பதற்காக எட்டு மாதம் பகலில் லைற் போட்டுச் சமைப்பவர்களை எனக்குத் தெரியும். பக்கமாக ஒதுக்கி வைக்க 10க்கு 10தான் இடம் தரும்.

கூரை வகை பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. துணிக் கூரை மலிவு, ஆனால் ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன் கழற்ற வேண்டும். ஒரு வருடம் மறந்தால் அதோடு முடிந்தது. பொலிகாபனேற் என்கிற பிளாஸ்டிக் தகடு வெளிச்சம் தரும், யூலை மாதத்தில் வெக்கையும் தரும். இரும்போ அலுமினியமோ நல்லது. கூரை இரண்டு தட்டாக, நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டு இருப்பதை எடுங்கள். சூடும் வெளியேறும், தூக்கும் காற்றும் கொஞ்சம் வெளியேறும். ஸ்னோ தாங்கும் எண்ணைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். "5,000 இறாத்தல்" என்று கண்டால் கூரையின் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். 168ஆல் வகுத்தால் 30தான். போதுமானது, ஆனால் காதில் விழுந்த அளவுக்குப் பெரிதல்ல. அந்த எண்ணும் கசீபோவுக்குத்தான், அதன் கீழே இருக்கும் டெக்குக்கு அல்ல.

பூட்டும் நாளுக்கு நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் என்று கைநூல் சொல்லும், நம்ப வேண்டாம். வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒரு பை நட் குறைவது வழமை, அது சனிக்கிழமை பின்னேரம் தெரியவந்தால் வேலை நின்றுபோகும். கசீபோவின் சட்டகம் முழுவதும் நிற்கும்வரை ஒரு போல்ற்றையும் இறுக்க வேண்டாம், விரலால் முடுக்கியபடியே விடுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று ரேப் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் இறுக்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் கடைசிக் கூரைத் தகடு ஏறாது. தண்ணீர் ஓட டெக்கை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்துக் கட்டியிருப்பார்கள். அந்த வித்தியாசத்தை நிரவ மரச்சீவல் வைக்க வேண்டாம், உலோகத் தகடு வையுங்கள். தகட்டு விளிம்பு கத்திபோல் இருக்கும், கையுறை போடாமல் தொட வேண்டாம். பாதிக் கூரை போட்டுவிட்டு இரவுக்கு விடுவதும் கூடாது. முடியாது என்று தெரிந்தால் கூரையைத் தொடங்காமல் சட்டகத்தோடு நிறுத்தி, கால்களைப் போல்ற் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

பார்பிகியூவைக் கசீபோவுக்கு வெளியே வையுங்கள். சுற்றிவர நுளம்பு வலையும் திரையும் தொங்கும் இடத்தில் அடுப்பு வேண்டாம். மின்சாரம் இழுப்பதென்றால் உரிமம் உள்ளவரைப் பிடியுங்கள், நீட்டு வயர் நிரந்தரமல்ல.

குளிரில் ஸ்னோ ஒரு அடிக்கு மேல் ஏறினால் கீழே நின்றபடி நீளக் கம்புள்ள கூரை றேக்கால் இழுத்துவிடுங்கள், ஏணி வைத்து ஏற வேண்டாம். ஒரே பக்கத்தை முழுக்க வழிக்காமல் மாறி மாறி இழுங்கள். புது ஸ்னோவைவிட அதன்மேல் மழை பெய்து ஊறியதுதான் ஆபத்து, பாரம் பல மடங்கு கூடும். ஏப்ரலில் ஒருநாள் ஸ்பானர் எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் போய் அந்த நட்டுகளை ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், அரைச் சுற்றாவது ஓடும்.

கறிவேப்பிலை பற்றி உங்கள் மனைவிக்கு: வேண்டாம். ஆறேழு மாதம் வீட்டுக்குள் யன்னலோரம் ஒடுங்கி நின்ற செடி அது, வெளியே வருவதே வெயிலுக்குத்தான். முதல் ஒரு வாரம் இலை கருகாமல் பழகக் கசீபோவின் கீழ் வைக்கலாம். அதன்பிறகு சாடியைத் தெற்குப் பக்கப் படியோரம் தள்ளிவிடச் சொல்லுங்கள்.